விதைக்கு விட்ட பாவற்காய்

யோகராஜாவுக்குக் கோபம் வந்தால் முதலில் கண்ணாடியைக் கழற்றுவார். செப்டெம்பர் மூன்றாம் திகதி, பஸ் டிப்போவின் மேசையில் தேநீர் ஆறிக்கொண்டிருக்க, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு எழுத்தே மங்கலாகத் தெரியும் நிலையில், வாட்ஸ்அப் குழுவில் தேனீ வளர்க்கும் சண்முகராசாவைத் திட்டி ஒரு நீளச் செய்தி போட்டார். நாற்பத்தொரு பேர் அதைப் படித்தார்கள்.

அது லண்டனில் மோர்டன் பக்கத்துத் தோட்டக்காரர்களின் குழு. எல்லோரிடமும் கவுன்சில் வாடகைக்கு விடும் அலொட்மென்ட் என்ற தோட்டத் துண்டு ஒன்று இருந்தது. அங்கே பகிரப்படாத பொருள் இல்லை. ஒருவர் செடிகளைத் தேர்ந்து புது இனம் உண்டாக்குவது எப்படி என்று இருநூறு பக்கப் பிடிஎஃப் அனுப்புவார். அதைத் திறந்துகூடப் பாராமல் இருபது பேர் கைகூப்புவார்கள். குறிப்பெழுதக் கொப்பி நல்லதா, போனில் உள்ள ஆப் நல்லதா என்று ஒரு வாரம் வாக்குவாதம் நடக்கும். சண்முகராசா தன் தேன்பெட்டிகளில் எடுத்த, சூடு காட்டாத பச்சைத் தேனின் படத்தைப் போடுவார். போத்தலில் தேன் உறைந்துவிட்டால் சீனி கலந்தாரோ என்று யாராவது கேட்பார்கள், அவர் மூன்று நாள் கோபித்துக்கொண்டு பிறகு தானாகவே திரும்பி வருவார். ஆனால் யோகராஜா எழுதியது அப்படி ஆறிப்போகிற சங்கதி அல்ல.

"உம்மடை தேனீயள் என்ரை பாவலைக் கெடுத்துப் போட்டுது. எட்டு வருஷ உழைப்பு. காசுக்குத் தேன் வித்து மற்றவன்ரை தோட்டத்திலை மண் அள்ளிப் போடுறீர்," என்று எழுதியிருந்தார்.

லண்டனில் பாவற்காய் கண்ணாடி வீட்டுக்குள்தான் ஒழுங்காகக் காய்க்கும். வெளியே நட்டால் ஓகஸ்ட் கடைசியில் நாலு காய் காட்டிவிட்டுக் குளிரில் கருகிவிடும். எட்டு வருஷத்துக்கு முன் யோகராஜாவின் பந்தலில் ஒரு கொடி மட்டும், வெட்டவெளியில், ஜூலை பதினோராம் திகதி காய்த்தது. அவர் அதைப் பறிக்காமல் பழுக்கவிட்டு விதை எடுத்தார். தாய் ஒன்றென்றாலும் பிள்ளைகள் பலவிதம், பன்னிரண்டு கொடி முளைத்தால் இரண்டு மூன்றுதான் தாயைப் போல முந்திக் காய்க்கும். ஆகவே ஒவ்வொரு கோடையும் எது முதலில் காய்க்கிறதோ அதில் சிவப்பு நூல் கட்டிப் படம் எடுத்து, அதை மட்டும் விதைக்கு விட்டு வந்தார். இப்படியே போனால் சில வருஷங்களில் எல்லாக் கொடியும் ஜூலையில் காய்க்க வேண்டும் என்று அந்தப் பிடிஎஃப் சொன்னது.

விதைகளைப் பாதுகாக்கும் ஒரு நிறுவனம் அவருக்குக் கடிதம் எழுதியிருந்தது. ஒக்ரோபர் முடிவதற்குள் விதையையும் எட்டு வருஷக் குறிப்புகளையும் அனுப்பினால், பயிரிட்டுப் பார்த்து அவர் வைத்த பெயரிலேயே பட்டியலில் சேர்ப்பார்களாம். முப்பது வருஷம் இந்த ஊரில் பஸ் ஓட்டியவர். மாரடைப்பு வந்தபிறகு டிப்போவில் மேசை வேலை. தன்னால் இங்கே உண்டானது என்று காட்ட அவருக்கு வேறொன்றும் இல்லை. மோர்டன் பாவல் என்ற பெயரைத் தனியாக இருக்கும்போது சத்தமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறார், அதை மறைப்பானேன்.

ஆனால் காய் முந்தவில்லை, வருஷத்துக்கு வருஷம் பிந்தியது. முதலில் மழையைக் குறை சொன்னார், பிறகு மண்ணுக்குப் போட்ட பசளையை. கொளுத்தி எடுத்த ஒரு கோடையில் காய் ஜூலையிலேயே வர, மனம் ஆறினார். இந்த வருஷம் முதற்காய் வந்தது செப்டெம்பர் இரண்டாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. பூவைக் கட்டிவைத்துக் கையால் மகரந்தம் தடவினாலும் தேனீ எப்படியோ புகுந்து வேறு கொடியின் மகரந்தத்தைக் கொண்டுவந்து பூசியிருக்கிறது என்று முடிவு கட்டினார். பழி போட ஓர் ஆள் கிடைத்தால் மனுஷனுக்கு எவ்வளவு சுகம்!

சண்முகராசா ஒரே ஒரு வரி பதில் போட்டார். "சரி யோகராசா, பெட்டியளை எடுக்கிறன்." அந்த வார இறுதியிலேயே கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் இருக்கும் தன் மருமகன் வீட்டுத் தோட்டத்துக்குத் தேன்பெட்டிகளை ஏற்றிப் போய்விட்டார். அவருடைய சின்னக் கொட்டகையும் வெறுமையானது. குழுவிலிருந்தும் விலகினார்.

அடுத்த ஞாயிறு அஜந்தா வந்தாள். நூலகத்தில் வேலை செய்பவள், கொப்பியா ஆப்பா வாக்குவாதத்தில் ஆப் கட்சிக்குத் தலைவி. யோகராஜாவின் கொப்பிகளையும் மூன்று பழைய போன்களில் கிடந்த படங்களையும் திகதி வாரியாகத் தன் கணினியில் அடுக்கித் தர ஒப்புக்கொண்டிருந்தாள். நிறுவனத்துக்கு அனுப்பும் குறிப்பு அழகாக இருக்க வேண்டுமல்லவா. யோகராஜாவின் மனைவி வசந்தமலர் தட்டில் வடை கொண்டுவந்து வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனார்.

அரை மணித்தியாலம் அஜந்தா படங்களை இழுத்து இழுத்து வைத்தாள். பிறகு, "அண்ணை, இதை ஒருக்காப் பாருங்கோ," என்றாள். "நூல் கட்டின அண்டு எடுத்த படத்திலை காய் இடப்பக்கக் கம்படியிலை நிக்குது. ஒரு கிழமை கழிச்சு எடுத்ததிலை அதே நூல் நடுவிலை, வேறை கொடியிலை நிக்குது."

"பந்தல் எண்டால் கொடி இழுபடும் தானே."

"ஓம் அண்ணை, ஆனா காயும் வேறை. முதல் காய் நீட்டு, வெளிர் பச்சை. இது கட்டை. இந்த வருஷம் மட்டுமில்லை. போன வருஷமும் அப்படித்தான். அதுக்கு முதலும். முதல் வருஷத்தைத் தவிர எட்டு வருஷமும் நூல் மாறியிருக்கு."

யோகராஜா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். தனித்தனியாக வருஷாவருஷம் பார்த்தபோது கண்ணில் படாதது, பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்படி நின்றது. மாரடைப்புக்குப் பிறகு அவர் சனி ஞாயிறுகளில் மட்டுந்தான் தோட்டத்துக்குப் போவார். கிழமை நாட்களில் தண்ணீர் விடுவது வசந்தமலர். அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது.

வசந்தமலர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கதவருகில் நின்றார். பொய் சொல்லத் தெரியாத மனுஷி, அன்றும் சொல்லவில்லை.

"நான்தான் மாத்திக் கட்டினனான்."

"ஏன்?" என்றார் யோகராஜா.

"முதற்காயை அம்மனுக்குக் குடுக்காமல் விதைக்கு வைக்கிறன் எண்டு நிண்டனீங்கள். வேண்டாம் எண்டு எத்தினை தரம் சொன்னனான்? கேட்டனீங்களே? அந்தக் காய் பழுத்து ரெண்டு மாசத்திலை உங்களுக்கு நெஞ்சுக்குத்து வந்தது. நான் ஆஸ்பத்திரி வாசல்லை நிண்டு நேந்தனான், இனி ஒரு வருஷமும் தவறவிடமாட்டன் எண்டு. அதுக்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் முதற்காயைப் பிடுங்கிக்கொண்டு ரயில் மாறி மாறி வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்குப் போய் வைச்சிட்டு வாறனான். நீங்கள் தேடுவியள் எண்டு நூலை வேறை காயிலை கட்டினனான். எல்லாம் ஒரே பந்தல் காய்தானே எண்டு நினைச்சன்."

அஜந்தா கணினியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முந்திக் காய்த்ததெல்லாம் கோயிலுக்குப் போயிருக்கிறது. பிந்திக் காய்த்ததெல்லாம் விதையாகியிருக்கிறது. எட்டு வருஷம் அவர் பாடுபட்டு உண்டாக்கியது, கடைசியாகக் காய்க்கும் பாவலைத்தான்.

கத்த வேண்டும் போலிருந்தது யோகராஜாவுக்கு. யாரைப் பார்த்துக் கத்துவது? தன் உயிருக்காக வெயிலிலும் மழையிலும் ஒரு பாவற்காயைக் கைப்பையில் மறைத்துக்கொண்டு லண்டனைக் குறுக்கே கடந்து போய்வந்த மனுஷியைப் பார்த்தா? அவர் நாற்காலியில் அப்படியே இருந்தார்.

அஜந்தாதான் மெல்லச் சொன்னாள். "அண்ணை, முதல் வருஷத்து நூல் மாறேல்லை. ஜூலை பதினொண்டுக் காயின்ரை விதை சரியான விதை. அதிலை கொஞ்சம் எங்கையும் கிடக்குதோ? பழசுதான், ஒண்டு ரெண்டு முளைச்சாலும் போதும். திரும்பத் துவங்கலாம்."

அவரிடம் இல்லை. பாதியை நட்டார், மீதியை மூன்று மூன்றாகக் குழுவில் பகிர்ந்து கொடுத்தார். வருஷாவருஷம் இதைவிட நல்ல விதை வருமென்று நம்பியவர் பழையதை ஏன் வைத்திருக்கப் போகிறார். அஜந்தா குழுவில் கேட்டாள். மாலைக்குள் பதில்கள் வந்தன. நட்டோம், காய்த்தது, சமைத்தோம். வீடு மாறும்போது தொலைந்தது. எந்த விதை? மன்னிக்கவும்.

"அடுத்த முறை நான் தொடமாட்டன்," என்றார் வசந்தமலர். "முதற்காய் விதைக்கே நிக்கட்டும்." சொல்லும்போது அவருடைய கண் யோகராஜாவின் முகத்தில் இல்லை, நெஞ்சில் இருந்தது.

கேட்காமல் மீந்தது ஒரே ஓர் ஆள். யோகராஜா சண்முகராசாவுக்குப் போன் எடுத்தார்.

"சண்முகராசா, நான் யோகராசா. உம்மடை தேனீயிலை ஒரு பிழையும் இல்லை. பிழை என்ரை வீட்டிலைதான். மன்னிச்சுக்கொள்ளும்."

"சரி, விடும்," என்றார் சண்முகராசா. குரலில் இன்னும் காயம் இருந்தது.

"முதல் வருஷம் உமக்கும் மூண்டு விதை தந்தனான். ஞாபகம் இருக்குதோ?"

"இருக்கு. நான் மரக்கறி நடுறேல்லைத்தானே. சின்னத் தேன்போத்தல் ஒண்டிலை போட்டு இறுக்கி மூடி, உம்மடை கையெழுத்துக் கடதாசியோடை கொட்டகைத் தட்டிலை வைச்சிருந்தனான். எட்டு வருஷம் அதிலைதான் நிண்டது."

யோகராஜா எழுந்து நின்றார். "இப்ப எங்கை?"

"யோகராசா..." சண்முகராசா நிறுத்தினார். "நீர் அப்படி எழுதினதுக்குப் பிறகு அதைப் பார்க்க எனக்கு ஏலாமல் இருந்தது. கொட்டகையைக் காலி பண்ணேக்கை மற்றக் குப்பையோடை சேர்த்து எறிஞ்சிட்டன். அதைக் கவுன்சில் லொறி செவ்வாய்க்கிழமையே அள்ளிக்கொண்டு போட்டுது."

யோகராஜா சரி என்றார். தேனீக்கள் புது இடத்தில் எப்படி என்று கேட்டார். சண்முகராசா ஏதோ சொன்னார், அது அவர் காதில் ஏறவில்லை. போனை மேசையில் வைத்தார்.

அஜந்தா கணினியை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். வசந்தமலர் கேட்டார். "இருக்காமோ?"

"இல்லை."

"அப்ப இருக்கிறதிலை பார்த்து, அடுத்த வருஷம்..."

"அடுத்த வருஷம் முதற்காயை நீர் கோயிலுக்கே கொண்டுபோம்," என்றார் யோகராஜா. "ஒளிச்சுக் கொண்டுபோகத் தேவையில்லை. நானும் கூட வாறன்."

எட்டு வருஷமாக அவர் வாயிலிருந்து வசந்தமலர் கேட்க விரும்பியது இதைத்தான். கேட்டதும் கதவைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினார்.