இடம் பார்க்க வந்தவர்

1

இந்தக் கதை திருட்டுச் சரக்கு. என் நாத்தனார் சமையலறைக் கதவில் சாய்ந்துகொண்டு பொருமித் தீர்த்தாள். கடைசியில், "இதைப் போய்க் கதை கிதைன்னு எழுதிடாதீங்க அண்ணி" என்றாள். அந்த நிமிடமே எழுதுவது என்று தீர்மானித்துவிட்டேன். செய்யாதே என்றால் செய்வது எப்படி என்று எனக்குக் கற்றுத் தந்தவளே அவள்தான்.

2

முதல் தொடக்கம்: "மலைகளுக்கு நடுவே, ஆயிரம் யானைகள் மண்டியிட்டாற்போல அந்த அணை—"

வேண்டாம். இந்தக் கதையில் அணையே வராது.

இரண்டாவது: "அறிவியலுக்கு எல்லைகள் இல்லை என்பார்கள். ஆனால்—"

மேடைப் பேச்சு. இதுவும் வேண்டாம்.

நேராகவே சொல்கிறேன். நாத்தனார் அணைப் பாதுகாப்புப் பொறியாளர். அணைச் சுவரில் எங்கே விரிசல் விடும், எப்போது விடும் என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். காரணம் போகப் போகத் தெரியும். அவள் துறைக்காரர்கள் சங்கம் வைத்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உலக மாநாடு கூட்டுவார்கள். அடுத்ததை எங்கே நடத்துவது என்பதில் கடைசிச் சுற்றுக்கு இரண்டு இடங்கள் வந்தன. ஒன்று, பணக்கார நாட்டுக் கடற்கரை நகரமொன்றில் ஒரு கண்ணாடி மாளிகை. மற்றது, எங்கள் ஊரில் நாத்தனார் வேலை பார்க்கும் கல்லூரியின் அரங்கம். விண்ணப்பம் போட்டவளும் அவளே. மலைக்கும் மடுவுக்கும் போட்டி. இடம் பார்க்க மாநாட்டுக் குழுவின் தலைவரே நேரில் வந்தார்.

(அவர் எந்த மொழியில் பேசினார் என்று கேட்காதீர்கள். என் கதைக்குள் யார் வந்தாலும் தமிழில்தான் பேசியாக வேண்டும். உள்ளே வர விசா மட்டும் தேவையில்லை.)

3

தலைவரை வில்லனாக்கத்தான் ஆசைப்பட்டேன். "சுருட்டுப் புகைக்கு நடுவே ஏளனமாகச் சிரித்த அவர்..." என்று எழுதியும் பார்த்தேன். அதற்குள் நான் எழுதுவதை நாத்தனார் கண்டுபிடித்துவிட்டாள். ஒரு பாட்டம் சண்டை போட்டாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து திருத்த ஆரம்பித்தாள்.

"அவரு சுருட்டெல்லாம் பிடிக்கல அண்ணி. பாவம், முட்டிவலிக்காரர். நல்ல மனுஷன். அதான் எரிச்சலே."

அந்த நல்ல மனுஷர் அரங்கத்து நாற்காலிகளில் உட்கார்ந்து பார்த்தார். மொழிபெயர்ப்பாளர்களை எங்கே உட்கார வைப்பீர்கள் என்று கேட்டார். கழிப்பறைக் குழாயைத் திறந்து மூடினார். முட்டியைப் பிடித்தபடி மேடையேறி மைக்கில் "ஹலோ" என்றார். கரண்ட் போய்விட்டது.

(போகாமல் வைத்திருக்கலாம், பேனா என் கையில்தான் இருக்கிறது. ஆனால் போனது போனதுதான்.)

ஜெனரேட்டர் இருமியது, ஓடவில்லை. இருட்டிலிருந்து தலைவரின் குரல் வந்தது. "தப்பா நினைக்காதீங்க. இதுதான் எங்க பயமே."

கடைசி வரிசையில் நின்ற நாத்தனார் குரலை உயர்த்தினாள். "நான் பேசறது கேக்குதா சார்?"

"கேக்குது."

"போன மாநாட்டுல கரண்ட் போகல. மைக்கும் நல்லா வேலை செஞ்சுது. என் கட்டுரைக்கு மேடையும் இருந்துச்சு. நான்தான் இல்ல. விசா குடுக்கல. அதுக்கு முந்தின தடவையும் குடுக்கல. பழைய அணைங்களுக்குக் கீழ குடியிருக்கிறவங்க நாங்க. அதைத் தினமும் பாத்துக்கிறவங்களும் நாங்க. மாநாட்டுக்குள்ள வர முடியாதவங்களும் நாங்களேதான். கரண்டை நான் வரவழைச்சிடுவேன் சார். ஆளுங்களை நீங்க வரவழைப்பீங்களா?"

4

மாலையில் தலைவர் விருந்தினர் விடுதிக்கு அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்: "வாக்கெடுப்புல உங்க ஊர் ஜெயிக்காது. நீங்களே வாபஸ் வாங்கிடுங்க. கடற்கரை மாநாட்டுல தொடக்க உரை உங்களுக்குத்தான். விசாவுக்கு நான் பொறுப்பு."

"எனக்கு மட்டுமா?"

"இப்போதைக்கு."

வீட்டில் என் கணவர் துள்ளிக் குதித்தார். "கும்பிடப் போன தெய்வம் குறுக்க வந்திருக்கு. பேசாம வாங்கிக்கோ."

"எல்லாரும் வாசல்ல நிக்கறப்ப எனக்கு மட்டும் ஜன்னலைத் திறந்தா, நான் ஏறிக் குதிக்கணுமாண்ணா?"

"குதி. உள்ள போய்க் கதவைத் திற!"

(என் கணவர் பேசியதில் நியாயம் இருக்கிறது. அதை வெட்டிவிட்டால் கதை சுலபமாகிவிடும். வெட்ட மாட்டேன். குடும்பமும் நடத்த வேண்டுமே.)

நாத்தனார் சாப்பிடாமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த மேடைக்காக அவள் எவ்வளவு ஏங்கியிருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் பேசிப் பார்ப்பது கேட்டது. "அவையோருக்கு வணக்கம். எங்கள் ஊரில் ஓர் அணை..." பாதியில் நின்றுவிட்டது.

காலையில் விடுதிக்குப் போனாள். "மாட்டேன் சார்" என்றாள். வக்கீல் அன்றைக்கு வாதாடவேயில்லை.

5

முடிவு ஒன்று: எங்கள் ஊர் ஜெயித்தது. எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. நாத்தனார் ஒரே கோடாக அடித்தாள். "பொய்."

முடிவு இரண்டு: தோற்றோம். அவள் மனமுடைந்து—

"இது அதைவிடப் பெரிய பொய்."

நடந்தது இதுதான். கடற்கரை நகரம் ஜெயித்தது. நாத்தனார் அதே தேதிகளுக்குக் கல்லூரி அரங்கத்தைப் பிடித்துவிட்டாள். விசா மறுக்கப்பட்டவர்கள், இனி மறுக்கப்படப் போகிறவர்கள், தெரிந்த அத்தனை பேருக்கும் அழைப்பு அனுப்பினாள். போட்டிக் கூட்டம் நடத்துகிறவர்களுக்குச் சங்கத்தில் இடமில்லை என்று குழுவிலிருந்து எச்சரிக்கை வந்தது. "இடத்தை நாங்களே பாத்துக்கறோம்" என்று பதில் போட்டாள்.

இன்று முதல் ஆள் சம்மதம் சொல்லியிருக்கிறார். பக்கத்து நாட்டுக்கும் பக்கத்து நாட்டில், கிழட்டு அணை ஒன்றைக் காவல் காக்கும் பொறியாளர். "ரெண்டு எல்லை தாண்டணும். பரவாயில்ல, பஸ்லயே வந்துடறேன். எனக்கொரு நாற்காலி போட்டு வைங்க."

நாத்தனார் அதைத் திரும்பத் திரும்ப எனக்கு வாசித்துக் காட்டினாள். பிறகு, "அண்ணி, அரங்கம் நிறைஞ்சுதுன்னு எழுதி முடிச்சிடுங்களேன்" என்றாள். இவளே பொய் கேட்கிறாள்!

எழுத மாட்டேன். எத்தனை பேர் வருவார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல நடிக்கவும் மாட்டேன். ஒரு நாற்காலிக்கு ஆள் உண்டு. மிச்ச நாற்காலிகள் உங்கள் பொறுப்பு. நிரப்புங்கள், இல்லை காலியாகவே விடுங்கள். ஆனால் அந்த பஸ்ஸை மட்டும் எல்லையில் நிறுத்திவிடாதீர்கள்.