கேட்டது ஒரு மறைப்பு

பஹீமா டீச்சர் கேட்டது ஒரேயொரு மறைப்பு. மேடை கேட்கவில்லை, விளக்குக் கேட்கவில்லை, கொழும்பிலிருந்து பயிற்றுவிப்பாளர் கேட்கவில்லை. ஏறாவூர் வாவிக்கரையில் இருக்கிற பல்தேவைக் கட்டடத்தைச் சுற்றி ஆள் உயரத்துக்குத் துணியோ தென்னோலைக் கிடுகோ சாக்கோ ஏதோ ஒன்று, அவ்வளவுதான். எட்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். எட்டு மாதத்தில் ஒரு பிள்ளையே வயிற்றுக்குள் வளர்ந்து புரண்டு படுத்துவிடும். மறைப்பு மட்டும் வரவில்லை.

அந்தக் கட்டடத்தைக் கட்டினவர் யாரோ, நல்லாயிருக்கட்டும். இடுப்பளவு சுவர், அதற்குமேல் கூரைவரைக்கும் கம்பிவலை. காற்றுக்கு நல்லது, நாடகத்துக்குக் கேடு. ஒரு பக்கம் விளையாட்டுத் திடல், மறுபக்கம் தேத்தண்ணிக் கடை. ஏறாவூரில் ஐந்து பேர், தன்னாமுனையிலிருந்து பஸ் ஏறி வருகிற நாலு பேர் என்று ஒன்பது பெண்கள் உள்ளே ஒத்திகைக்கு எழுந்து நின்றால் போதும், வலையில் மூக்கை வைக்க ஆட்கள் வந்துவிடுவார்கள். கிரிக்கெட்டை விட்டுவிட்டு இளந்தாரிகள் வருவார்கள். பேரப்பிள்ளை கண்ட ஆண்களும் தேத்தண்ணிக் கோப்பையோடு வருவார்கள், வெட்கமில்லாமல்.

"ராத்தா, இன்னொருக்கா அழுங்க! இவன் பாக்கல்லயாம்!"

இப்படி அக்கா முறை வைத்து ஒருவன் கத்துவான், மற்றவன்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

பஹீமா பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறவள். நாடகத்தை எழுதினதும் பழக்குகிறதும் அவள்தான். ஆறு வருடம் குவைத்தில் வீட்டுவேலை செய்துவிட்டு ஒரு தாய் ஊருக்கு வருகிறாள். வாசலில் நிற்கிற மகளுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. "நீங்க ஆரு?" என்று கேட்கிறாள். பெற்றவள் என்ன சொல்லுவாள்? "நான் பக்கத்து வீட்டுக்கு வந்த ஆள், மகள்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியோடு வெளியே போய் நிற்கிறாள். நாடகத்தின் உயிர் அந்த ஒரு வரியில் இருந்தது.

அந்த வரி நஸ்ஹாவுடையது. அவளும் குவைத்தில் இருந்து வந்தவள்தான். வேஷத்தை அவளாகத்தான் கேட்டு வாங்கினாள். ஆள் இல்லாத நேரத்தில் அவள் அதைச் சொன்னால் கேட்கிறவர்களுக்கு நெஞ்சு அடைக்கும். வலைக்குப் பக்கத்தில் ஒரு தலை தெரிந்தாலோ அவளுக்கே தொண்டை அடைத்துவிடும், காற்றுத்தான் வரும். புருஷனாக நடிக்கிற தன்னாமுனைக் கண்ணகைக்கு இந்தச் சங்கடம் கிடையாது. சாரனை மடித்துக் கட்டி, ஒட்டு மீசையோடு வலைக்குப் பக்கத்தில் போய், "என்னகா பாக்கிறீங்க? வீட்டில பொம்புளயள் இல்லையா?" என்று ஏசிவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து நடிப்பாள். எல்லாரும் கண்ணகையாக இருக்க ஏலுமா?

வாவியைச் சுற்றியிருக்கிற நாடகக் குழுக்களுக்குக் கைகொடுக்கவென்றே பட்டணத்தில் ஒரு நிறுவனம் இருந்தது. பெயர் 'கலைத்துணை'. அங்கிருந்து வெளிக்கள உத்தியோகத்தர் கேதீஸ்வரி வந்தாள். முப்பது வயது, ஸ்கூட்டி, தோளில் கறுப்புப் பை. நல்ல பிள்ளை, பொய் சொல்லக்கூடாது. "உங்களுக்கு என்ன தேவை?" என்று கேட்டுப் படிவத்தில் எழுதினாள்.

"மறைப்பு" என்றாள் பஹீமா.

"வேற?"

"வேற ஒண்டும் வேணாம் மிஸ். மறைப்பு."

கேதீஸ்வரி பேனையைத் தூக்கினாள். "டீச்சர், குறை நினைக்காதீங்க. மேடையில ஏறினா முந்நூறு பேர் பாக்கத்தானே போறாங்க? இப்பவே பழகினா நல்லம்தானே?"

"சோறு ஆக்கி முடிஞ்சாத்தான் மிஸ் பந்தி. அடுப்பில இரிக்கக்குள்ள ஆளாளுக்கு மூடியத் தூக்கித் தூக்கிப் பாத்தா சோறு வேகுமா?"

கேதீஸ்வரி சிரித்தாள், தலையாட்டினாள், எழுதிக்கொண்டாள். பஹீமாவும் நம்பினாள்.

வந்தது என்ன? பயிற்சிப்பட்டறை. 'அரங்கில் தலைமைத்துவம்.' அதற்கொரு பெனர், பத்தடி நீளம், ஐந்தடி உயரம், நிறுவனத்தின் சின்னம் இரண்டு மூலையிலும். அடுத்த மாதம் 'குரல் வளம்', அதற்கொரு பெனர். பிறகு 'முரண்பாடுகளைக் கையாளல்'. திகதி போட்டு அடிக்கிறபடியால் ஒன்றை இரண்டாம் தரம் கட்ட முடியாது. நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் என்று பேசி வைத்த ஒன்றுகூடலுக்கு முன்கூட்டியே திகதி போட்டு அடித்துவிட்டார்கள். பிறை என்ன இவர்களுடைய அச்சகத்துக்குச் சொல்லிவிட்டா தெரியும்? நோன்பு முப்பதாகி, பெருநாள் ஒருநாள் தள்ளிப்போக, அதே எழுத்து, அதே சின்னம், திகதி மட்டும் வேறாக இன்னொரு பெனர் வந்தது. பட்டணத்துக்கு வழி கேட்டவளுக்குக் கொட்டைப்பாக்கு விலை சொன்ன கதைதான். இப்படியே பதினொன்று சேர்ந்துவிட்டது. எல்லாவற்றையும் சுருட்டி பஹீமா வீட்டு அலுமாரிக்கு மேலே போட்டிருந்தாள்.

ஒவ்வொரு முறையும் கேட்டாள். "மிஸ், மறைப்பு?"

"போட்டிருக்கன் டீச்சர். மறைப்பு எண்டு ஒரு தலைப்பு எங்கட திட்டத்தில இல்லையாம். பயிற்சி இருக்கு, விளம்பரம் இருக்கு. அடுத்த காலாண்டில பாப்பமெண்டு சொல்றாங்க."

அடுத்த காலாண்டாம்! நாடகமோ அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை. பட்டணத்து மண்டபத்தைக் கலைத்துணையே பிடித்துக் கொடுத்திருந்தது. அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும், பஹீமா சொன்னாள். ஆனால் சமைக்க அடுப்பில்லாமல் பந்திக்கு வாழையிலை விரித்து என்ன பிரயோசனம்?

நாடகத்துக்கு இரண்டு கிழமை இருக்கும்போது அது நடந்தது. நஸ்ஹா பெட்டியோடு வாசலில் நிற்கிற இடத்தை ஒருவன் வலைக்கு வெளியே நின்று ஃபோனில் படம் பிடித்துவிட்டான். அவள் வாய் திறக்கிறாள், சத்தம் வரவில்லை, மறுபடி திறக்கிறாள். அதற்குச் சிரிப்பு இசை போட்டு ஊரெல்லாம் அனுப்பினான். ராவோடு ராவாக அது ஓட்டமாவடி வரைக்கும் போய்விட்டது. அடுத்த இரண்டு ஒத்திகைக்கும் நஸ்ஹா வரவில்லை.

பஹீமா அவள் வீட்டுக்குப் போனாள். நஸ்ஹா அழவில்லை, கோபப்படவுமில்லை. அதுதான் பஹீமாவுக்குப் பயமாக இருந்தது.

"ராத்தா, எனக்கு மேடை பயமில்ல. நல்லா வந்தபுறகு ஆரும் பாக்கட்டும். வராம நான் தடுமாறக்குள்ள பாக்கிறாங்களே, அதுதான் ஏலா. மறைப்பு இரிந்தா வாறன். இல்லாட்டி வேற ஆளப் பாருங்க."

வேறு ஆளா? மிச்சமிருக்கிற நாளுக்குள்ளேயா? நஸ்ஹா இல்லாவிட்டால் நாடகம் இல்லை. பஹீமா வாசலிலேயே நின்று கேதீஸ்வரிக்கு அழைப்பு எடுத்தாள். கேதீஸ்வரி எல்லாம் கேட்டாள், மெய்யாகவே கவலைப்பட்டாள், கடைசியில் அடுத்த காலாண்டு என்றாள்.

"உங்கட காலாண்டில நெருப்ப வைக்க!" என்று பஹீமா ஃபோனை வைத்தாள். வீடு வரும்வரை வழியெல்லாம் வாய்க்குள் ஏசிக்கொண்டே வந்தாள்.

வாசலில் பக்கத்து வீட்டு ஹமீட் நின்றார். ஆடு வளர்க்கிற மனிதர். "டீச்சர், அலுமாரிக்கு மேல பெனர் கிடக்காமே, ரெண்டு தாங்களன். ஆட்டுக் கொட்டிலுக்குச் சுத்திக் கட்டப் போறன். நல்ல தடிப்பான சாமான், மழையும் உள்ள வராது, வெளிய நிண்டு பாத்தா ஆடும் தெரியாது."

எடுத்துக்கொண்டு போங்க என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது. வெளியே நின்று பார்த்தால் ஆடும் தெரியாது.

"யா அல்லாஹ்! என்ட மூளைக்கு என்ன நடந்த?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். எட்டு மாதம் எவனெவன் காலையோ பிடித்தாளே, சாமான் தலைக்கு மேலேயே கிடந்திருக்கிறது! "ஹமீட் காக்கா, பெனர் இல்ல. ஏணி இரிந்தா தாங்க."

பதினொரு பெனரும் கம்பிவலையைச் சுற்றிச் சரியாகப் போதுமாக இருந்தது. வெள்ளைப் பக்கத்தை வெளியே வைத்து, எழுத்துப் பக்கத்தை உள்ளே வைத்துக் கட்டச் சொன்னாள் பஹீமா. எழுத்தைக் கண்டால் வாசிக்க நிற்பான், வாசிக்க நின்றவன் எட்டிப் பார்ப்பான். வெறும் வெள்ளைக்கு முன்னால் எவன் நிற்பான்? இரண்டு நாள் சுற்றிச் சுற்றி வந்தார்கள், மூன்றாம் நாள் கிரிக்கெட்டுக்குப் போய்விட்டார்கள்.

நஸ்ஹா வந்தாள். முதல் நாள் தடுமாறினாள், இரண்டாம் நாளும் தடுமாறினாள், யாரும் சிரிக்கவில்லை. ஐந்தாம் நாள் "நான் பக்கத்து வீட்டுக்கு வந்த ஆள், மகள்" என்று அவள் சொன்னபோது, கண்ணகை மீசையோடு சுவரில் சாய்ந்து அழுதாள். மீசை கழன்று விழுந்தது.

வியாழக்கிழமை, நாடகத்துக்கு இரண்டு நாள் இருக்க, கேதீஸ்வரி நிறுவனத்து வான் வண்டியில் வந்து இறங்கினாள். கூடவே தலைமைக் காரியாலயத்திலிருந்து மேனுகா. கழுத்தில் அடையாள அட்டை, கையில் கமரா. உள்ளே வந்து சுற்றிப் பார்த்தவளுக்கு முகம் மலர்ந்தது. நாலு பக்கமும் அவளுடைய நிறுவனத்தின் பெயர் அல்லவா?

"அருமை! இத நாங்க 'பெண்களுக்கான ஒத்திகைக் கூடம் அமைத்தல்' எண்டு அறிக்கையில போடலாம். ஏன் கேதீஸ் இத முதலே சொல்லேல்ல?"

பஹீமாவுக்குக் கோபம் உச்சியில் ஏறியது. அமைத்தலாமே, அமைத்தல்! கேதீஸ்வரி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு சின்னப் பிரச்சினை" என்றாள் மேனுகா. "வெளிய இருந்து பாத்தா ஒண்டும் தெரியேல்ல. வெறும் வெள்ளை. எழுத்து வெளிய தெரியிற மாதிரித் திருப்பிக் கட்டுங்க, ஒரு படம் எடுத்திட்டுப் போறம்."

"ஒத்திகை நடக்குது. முடிஞ்சபுறகு பாப்பம்" என்றாள் பஹீமா.

"நாலு மணிக்கு நாங்க அம்பாறையில நிக்க வேணும். ஒண்டே ஒண்டு போதும். பத்து நிமிசம்."

"பத்து நிமிசமும் ஏலா."

மேனுகா சண்டைக்காரி இல்லை, அவசரக்காரி. பஹீமாவைப் பார்த்து இனிமையாகச் சிரித்துவிட்டு, வெளியே நின்ற வான் சாரதிக்குக் கையைக் காட்டினாள். அவன் பாவம், சொன்னதைச் செய்கிறவன். திடல் பக்கத்துப் பெனரின் ஒரு முடிச்சை அவிழ்த்தான், மறு முடிச்சையும் அவிழ்த்தான். பெனர் சரிந்து உள்ளே விழுந்தது. பளீரென்று வெயில் அடித்தது. வெயிலோடு தலைகளும் வந்தன.

உள்ளே மகளாக நடிப்பவள் அப்போதுதான் "நீங்க ஆரு?" என்று கேட்டிருந்தாள். நஸ்ஹா வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

"அந்தா, வீடியோ ராத்தா!" என்று வெளியே ஒருவன் கத்தினான். ஃபோன் ஒன்று மேலே எழும்பியது. நஸ்ஹா பெட்டியை நிலத்தில் வைத்தாள். அவள் கை, கழற்றி மாட்டியிருந்த அபாயா அங்கியைத் தேடிப் போனதைப் பஹீமா கண்டாள். போச்சு. எல்லாம் போச்சு.

பஹீமா சாரதியை நோக்கித்தான் பாய்ந்தாள். அவளுக்கு முன்னால் வேறொருத்தி ஓடினாள். கேதீஸ்வரி. தோள்பையை மூலையில் எறிந்துவிட்டு, விழுந்த பெனரை வாரித் தூக்கிக்கொண்டு அரைச்சுவரில் ஏறி நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேலே விரித்துப் பிடித்தாள். வெயில் மறைந்தது, தலைகள் மறைந்தன. வெள்ளை வெளியே, எழுத்து உள்ளே.

"கேதீஸ், என்ன செய்யிறீங்க?" என்றாள் மேனுகா.

"மறைப்புக் கேட்டவங்க. எட்டு மாசமா எழுதி எழுதி அனுப்பினன். ஒருத்தரும் வாசிக்கேல்ல." கேதீஸ்வரி திரும்பிப் பார்க்கவில்லை. "நீங்க அம்பாறைக்குப் போங்க. நான் பஸ்ஸில வாறன்."

மேனுகா கமராவை மூடினாள். மணிக்கூட்டைப் பார்த்தாள். பிறகு வான் போகிற சத்தம் கேட்டது, சாரதி அவிழ்த்த கயிறும் அதோடு போய்விட்டது. இதற்காகக் கேதீஸ்வரிக்கு வேலை போகுமோ, விளக்கக் கடிதத்தோடு முடியுமோ, அது பிறகு பார்க்க வேண்டிய சங்கதி.

நஸ்ஹா பெனரைப் பார்த்தாள். அதைப் பிடித்துக்கொண்டு சுவரில் எம்பி நிற்கிற இரண்டு காலைப் பார்த்தாள். பெட்டியைத் திரும்பவும் தூக்கினாள்.

"முதல்ல இரிந்து வருவம்" என்றாள்.

முதலிலிருந்து என்றால் நாற்பது நிமிடம். பஹீமா கையைத் தட்டித் தொடக்கி வைத்தாள். நாடகத்தில் பஸ் வந்தது, கதவு திறந்தது, புருஷன் கத்தினான், மகள் வாசலுக்கு வந்தாள்.

"நீங்க ஆரு?"

"நான் பக்கத்து வீட்டுக்கு வந்த ஆள், மகள்."

தெளிவாக வந்தது, கடைசி எழுத்துவரைக்கும். கேதீஸ்வரியின் முதுகு குலுங்கியது. துடைக்கக் கை இல்லாமல் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றாள்.

பஹீமாவுக்குக் கோபம் போகவில்லை. எட்டு மாதக் கோபம் நாற்பது நிமிடத்தில் போகுமா? சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு சுவரில் ஏறி அவளுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"கை உளையுதா புள்ள?"

"உளையுது டீச்சர்."

"உளையட்டும்" என்று சொல்லிவிட்டு, பெனரின் மற்ற மூலையைப் பஹீமா கையில் வாங்கினாள்.