அக்காவின் செம்புக்காசு

மெக்கானிக்குக்கு வந்த கோபத்தில் கூழாங்கல் மெருகேற்றுகிற அந்த உருட்டு மெஷினைத் தூக்கி மாடியிலிருந்து வீசியிருப்பான். வீசாததற்கு ஒரே காரணம், கீழே அவனுடைய வண்டிதான் நின்றுகொண்டிருந்தது.

மெஷினின் உருளையைத் திறந்து, உள்ளே இருந்த கல்லையும் காசையும் வடிதட்டில் கொட்டிக் கழுவிப் பார்த்தால், அத்தனை காசும் ஒரே இளஞ்சிவப்பு. செம்புக்காசு சிவந்தால் சரி, அது அதன் குணம். வெள்ளைக்காசு எதற்குச் சிவக்க வேண்டும்? இரண்டையும் ஒன்றாகப் போட்டு உருட்டினால் செம்பு போய் வெள்ளையில் ஏறிக்கொள்ளும் என்று கூட்டாளி பெயின்டர் முன்பே சொல்லியிருந்தான். இவன் காதில் வாங்கினால்தானே. இத்தனைக்கும் தொழில் என்ன தெரியுமா? வாஷிங் மெஷின் ரிப்பேர். சாயம் போகிற துணியையும் வெள்ளைத் துணியையும் சேர்த்துப் போடாதீர்கள் என்று வீடு வீடாகப் போய் உபதேசம் செய்கிற ஆள். தன் வீட்டுக் குளியலறையில் உட்கார்ந்து அதே வேலையைத்தான் செய்து வைத்திருந்தான்.

மனைவி எட்டிப் பார்த்தாள். அவள் பார்த்தது காசை அல்ல, வடிதட்டை. காய்கறி கழுவுவதற்கு இனி புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னாள். சத்தம் வெளியே போகக் கூடாதென்று மெஷினைச் சுற்றி இரண்டு கம்பளியைப் போர்த்தி வைத்திருந்தானே, அதைப் பற்றி அவள் வாயைத் திறக்கவில்லை. அதைப் பார்க்காதவள் மாதிரி போனதுதான் அவனுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

இவ்வளவு அமர்க்களமும் அக்காவுக்காக. அக்காவின் கணவர், இவனுக்கு அத்தான், கல்யாணத்துக்கு முன்னால் ஒரு செம்புக்காசில் ஆணியால் அவள் பெயரின் முதல் எழுத்தைக் கீறி அவளிடம் கொடுத்தார். பூ வாங்கக்கூடத் தெரியாத மனுஷர், அவருக்கு வந்ததே அவ்வளவுதான். அக்கா அதை ஆயுசு முழுக்கக் கைப்பையில் வைத்திருந்தாள். அத்தான் போன மறுவருஷம், விளையாட்டு மைதானத்தில் படிக்கட்டில் உட்கார்ந்து பேரனின் பந்தயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கைக்குட்டையை உருவியதோடு காசும் போய்விட்டது. வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. மறுநாள் காலையில் புல்லைப் பிடுங்காத குறையாகத் தேடினாள். கிடைக்கவில்லை.

அக்கா அதற்காக ஒப்பாரி வைக்கவில்லை. யாரிடமும் எதையும் கேட்கிற பழக்கமே அவளுக்குக் கிடையாது. மகள் வெளிநாட்டுக்குக் கூப்பிட்டாள், வீட்டை விற்றாகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை விமானம், இனித் திரும்பி வருவதாக இல்லை. எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, வாசல்வரை வந்து, "நீதான் அந்த மெட்டல் டிடெக்டரை வச்சுக்கிட்டு மண்ணைக் கிண்டுறியே, அங்கேயும் ஒரு தடவை பாத்துடேன்டா," என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். அவள் இவனிடம் கேட்ட ஒரே ஒரு விஷயம் அது.

இவனும் சும்மா சொல்லக்கூடாது, பழியாய்க் கிடந்து தேடினான். பெயின்டரும் கூட வந்தான். இருவருக்கும் லீவு நாளில் இதுதான் பொழுதுபோக்கு. படிக்கட்டுக்கு முன்னால் தரையெல்லாம் காசு. உட்கார்ந்து எழுந்தவன் எவன் பையிலிருந்து எது விழுந்ததோ, தலைமுறை தலைமுறையாக விழுந்து கிடந்தது. கருவி கத்துகிற இடத்தில் தோண்டினால் காசு வராத குழி இல்லை. ஆனால் புல்லுக்கு உரம் போட்டுப் போட்டு மண் எல்லாக் காசையும் கருக்கிவிட்டிருந்தது. பொருக்கு கட்டி, கன்றிப்போய், எதன் முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. ஒரு வாளி நிறையச் சேர்ந்தது. அதில் அத்தானின் காசு இருந்தாலும் இருக்கலாம். எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பெயின்டர் வழி சொன்னான். அவன் சுவரைச் சுரண்டியே பிழைக்கிறவன், பொறுமை அதிகம். "எண்ணெயில ஊறப் போடுய்யா. அப்புறம் மரக்குச்சியால மெதுவா எடு. சில்லறைக்காசை நீ மெஷின்ல போடு, கல்லுல போடு, என்ன வேணா பண்ணு. தேடுற காசு உள்ள இருக்குதுன்னா மெஷின் பக்கமே போகாத, வழிச்சிடும்," என்றான். எண்ணெயில் எத்தனை நாள் ஊற வேண்டும் என்று இவன் கேட்டான். வாரக்கணக்கில் என்றதும் இவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா என்ன விமானத்தை நிறுத்தி வைத்துக்கொண்டா காத்திருக்கப் போகிறாள்? அதுவும் போக, உருளை சுற்றினால் அழுக்குப் போகும் என்பதில் இவனுக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. அந்த நம்பிக்கையில்தான் இவன் வீட்டு அடுப்பே எரிகிறது.

அப்படித்தான் கூழாங்கல்லுக்கு மெருகேற்றுகிற அந்த மெஷினை எங்கிருந்தோ வாங்கிக்கொண்டு வந்தான். முதல் தடவை எல்லாமே இளஞ்சிவப்பானதைத்தான் பார்த்தோம். பொருக்கு என்னவோ அங்கங்கே அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது.

இரண்டாம் தடவை ஒழுங்காகச் செய்தான். வெள்ளைக்காசை எல்லாம் பொறுக்கி ஓரமாக வைத்தான். செம்புக்காசை மட்டும் உருளையில் போட்டான். மழமழவென்றிருந்த கூழாங்கல்லை நம்பாமல், கட்டட வேலை நடக்கிற இடத்திலிருந்து முனை முனையாக இருந்த சரளையை அள்ளி வந்து போட்டான். வினிகரும் உப்பும் சேர்த்தான். மறுநாள் காலையில் திறந்து பார்த்தால் பாதிதான் போயிருந்தது. அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் சுற்றட்டும் என்று மூடிவிட்டு வேலைக்குப் போனான். சாயங்காலம் வந்து பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் என்று மறுபடியும் மூடினான். இவனுக்கு எதிலும் போதும் என்ற சொல்லே கிடையாது.

சனிக்கிழமை காலையில் திறந்தான். காசெல்லாம் பளபளவென்று கண்ணைக் கூச வைத்தது. அப்பாடா என்று ஒரு காசை எடுத்துத் துடைத்தான். முத்திரை தேய்ந்து நிழல் மாதிரி இருந்தது. அடுத்ததும் அப்படியே. அச்சடித்த முத்திரையே வழிந்து போயிருக்கும்போது ஆணியால் கீறிய எழுத்து எங்கே நிற்கும்? ஜன்னலருகே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வேலைக்குக் கூப்பிட்ட போன்களை எடுக்கவில்லை. சாப்பிடக் கூப்பிட்டதற்கு எரிந்து விழுந்தான்.

மதியத்துக்கு மேல் ஒரு காசு கையில் வந்தது. அதில் ஒரு கோடு இருந்தது. கல் இழுத்த கோடு அல்ல. இடமிருந்து இறங்கி, கீழே வளைந்து, நுனியில் அழுத்தி நிறுத்திய கோடு. அக்காவின் எழுத்தின் கீழ்வளைவு. அத்தான் அந்த இடத்தில் மட்டும் ஆணியைக் கொஞ்சம் அழுத்திவிட்டார் போலிருக்கிறது, அதனால் அது மட்டும் பிழைத்துக் கிடந்தது. இவன் மனைவியைக் கூப்பிட்டான். அவள் வந்து பார்த்தாள். அவளுக்கும் தெரிந்தது.

"அப்படியே கொண்டுபோய்க் குடுத்துடுங்க. ஒரு கோடுன்னாலும் அவர் போட்ட கோடு," என்றாள்.

நல்ல புத்தி சொன்னாள். கேட்டானா? எப்படிக் கொடுப்பது? அத்தானின் எழுத்தை அழித்துவிட்டேன், மிச்சம் இந்தக் கோடுதான் என்று அக்காவின் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? ரிப்பேருக்கு எடுத்துப்போன சாமானை உடைந்தபடியே திருப்பிக் கொடுத்து இவனுக்குப் பழக்கமில்லை. கருவிப் பெட்டியிலிருந்து கூர்முனை ஒன்றை எடுத்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு, இருந்த கோட்டின் மேலேயே கோடு இழுத்து, எழுத்தை முழுசாகக் கீறி முடித்தான். புதிதாகத் தெரியக்கூடாதென்று கருப்பு ஷூ பாலிஷைத் தேய்த்துத் துடைத்தான். பார்க்க நன்றாகவே இருந்தது. மனைவி அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை போனபோது அக்காவின் வீடு காலியாகக் கிடந்தது. இரண்டு பெட்டிகளும் ஒரு நாற்காலியும்தான் மிச்சம். டாக்சிக்குச் சொல்லியாகிவிட்டது. இவன் காசை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினான். அக்கா அதை எடுத்துக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனாள். அந்த எழுத்தைக் கட்டைவிரலால் தடவினாள். கண் நிறைந்துவிட்டது. பட்ட பாடெல்லாம் வீண்போகவில்லை என்று இவன் நினைத்தான்.

அக்கா காசைத் திருப்பினாள்.

பின்பக்கத்தை வெகுநேரம் பார்த்தாள். அங்கே ஒன்றுமில்லை. வழவழவென்று சுத்தமாக இருந்தது. அதையும் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு இவனைப் பார்த்து லேசாகச் சிரித்தாள்.

"ரொம்ப நல்லாச் செஞ்சிருக்கேடா," என்றாள்.

புதிதாக ஒன்றும் செய்யவில்லை அக்கா, இது அதே காசுதான் என்றான் இவன்.

"இந்தப் பக்கம் அவர் பேரோட முதல் எழுத்து இருக்கும். அவர் எனக்குக் குடுத்த அன்னிக்கே நான் கீறினது. வெட்கமா இருக்கும்னு ஒருத்தர்கிட்டயும் காட்டினதில்ல. உனக்கு எப்படித் தெரியும் பாவம்."

இவன் எல்லாவற்றையும் மளமளவென்று கொட்டினான். மெஷின், சரளை, வினிகர், தேய்ந்துபோன முத்திரை, பிழைத்திருந்த அந்தக் கோடு, அதன் மேல் தான் கீறியது. சொல்லச் சொல்ல அவன் காதுக்கே அது நேற்று உட்கார்ந்து ஜோடித்த கதை மாதிரி கேட்டது. அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, அவர் போட்ட கோடு எது, காட்டு என்றாள். இவன் காசை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தான். எதைக் காட்டுவது? கோட்டின் மேலேயே கோடு போட்டு, அத்தானின் கையெழுத்தை மூடித் தன் கையெழுத்தைக் கீறி வைத்திருந்தான். அங்கே இருந்தது முழுக்க இவன் எழுத்து. மனைவியைக் கேள், அவள் பார்த்தாள் என்று உளறினான். அக்கா அவன் தோளைத் தட்டினாள்.

"எனக்குக் கோபமே இல்லடா. எனக்காக உக்காந்து இவ்வளவு மெனக்கெட்டியே, அது போதும்." காசை அவன் சட்டைப் பையில் அவளே போட்டாள். இதை நீயே வைத்துக்கொள், என் ஞாபகமாக என்றாள்.

டாக்சி வந்துவிட்டது. இவன் பெட்டிகளைத் தூக்கி வைத்தான். பையிலிருந்த காசு குனியும்போதெல்லாம் நெஞ்சில் இடித்தது. இன்னொரு தடவை சொல்லலாமா என்று வாயெடுத்தான். சொன்னால், பாவம், இன்னும் பொய் சொல்லி என்னைச் சமாதானப்படுத்துகிறான் என்றுதான் நினைப்பாள். அக்கா ஏறி உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கி, அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த மைதானத்துல தேடறதை மட்டும் விட்டுடாதடா. அது எங்கயும் போயிருக்காது, அங்கதான் கிடக்கும். கிடைச்சா அனுப்பி வை."

"சரிக்கா, தேடறேன்," என்றான்.