நல்லா இருக்கார்

கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்நிலைத் தேர்தலில் வேட்புமனுவுக்கு அன்றுதான் கடைசி நாள். கான்கார்டு நகரில், மாநில மாளிகைக்கு எதிரே இருந்த உணவகத்தின் மூலை மேசையில் செனட்டர் லொரேன் பெல்கி உட்கார்ந்திருந்தாள். தட்டிலிருந்த அடைகள் மேப்பிள் பாகில் ஊறி ஆறிப்போயிருந்தன. எதிரே எலியட் ப்ரைன், அதிபர் மெரில் லண்டீனின் தலைமைச் செயலர். அதிபரின் அறைக் கதவு யாருக்குத் திறக்கும், யாருக்குத் திறக்காது என்பதைத் தீர்மானிப்பவன் அவன். அப்படிப்பட்டவன் விடியற்காலை விமானம் பிடித்து, நியூ ஹாம்ப்ஷயரின் முதல் பனியை மிதித்துக்கொண்டு வந்திருக்கிறான் என்றால் வாஷிங்டன் பயந்துபோயிருக்கிறது என்று பொருள்.

காப்பிக் குடுவையோடு வந்த டோரா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இப்ப ஊத்தவா, சண்டை முடிஞ்சதும் வரட்டுமா?"

"ஊத்து டோரா. சண்டை இனிமேதான்" என்றாள் லொரேன்.

டோரா நகர்ந்ததும் எலியட் குரலைத் தணித்தான். "ஒரே ஒரு காரணம் சொல்லுங்க, செனட்டர். சொந்தக் கட்சி பிரசிடென்ட்டை எதிர்த்து ஏன் நிக்கறீங்க? நானே கொண்டுபோய் அவர்கிட்ட சொல்றேன்."

"நீங்க கொண்டுபோய்ச் சொல்வீங்க. கோடையிலிருந்து அவரைத் தனியாப் பாக்கணும்னு கேட்டுக்கிட்டே இருக்கேன். ஒவ்வொரு தடவையும் அவருக்கு வேலை."

"நாட்டுக்கே பிரசிடென்ட். வேலை இருக்காதா?"

"எப்படி இருக்கார், எலியட்?"

"நல்லா இருக்கார்."

கேள்வி முடியும் முன்பே நாக்கு நுனியில் காத்திருந்த விடை அது. லொரேன் கோப்பையைக் கீழே வைத்தாள். அந்தச் சொற்களுக்காகத்தான் தான் இன்று மனுத் தாக்கல் செய்யப்போகிறாள் என்பதும், அதே சொற்களை முதலில் சொன்னவள் தானே என்பதும் அவளை விட்டு அகலாத இரண்டு உண்மைகள்.

லண்டீன் பெயர்களால் வளர்ந்த மனிதர். ஒருமுறை கைகுலுக்கியவரின் பெயரை அவர் மறந்ததாக வரலாறு இல்லை. பெயர் மட்டுமா? மனைவியின் பெயர், நாயின் பெயர், முழங்காலில் எந்த ஆண்டு அறுவைச் சிகிச்சை நடந்தது என்பதுவரை நினைவிருக்கும். தொலைபேசி எண்களைத் தலைக்குள்ளேயே வைத்திருந்து, உதவியாளர்களை நம்பாமல் தானே அழைப்பார். லொரேனின் கணவன் ரோலண்ட் இறந்தபோது, வடக்கே ஆலை மூடிக் கிடந்த அவர்களுடைய சிற்றூருக்குத் தானே வந்து, தேவாலயத்தில் எழுந்து நின்று பேசினார். சவப்பெட்டியின் அருகில் அவள் கையைப் பற்றிக்கொண்டு நின்றார். அது இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு.

இந்த ஆண்டு மே மாதம் வெள்ளை மாளிகைப் புல்வெளியில் ஒரு சட்டத்தில் கையெழுத்திடும் விழா. அதிபர் அவளைத் தழுவிக்கொண்டு, முகமெல்லாம் மலர, "ரோலண்ட் எப்படி இருக்கான்?" என்று கேட்டார். சுற்றிலும் புகைப்படக்காரர்கள். அவள் ஒரு நொடி தயங்கினாள். பிறகு அந்த முகத்தின் மலர்ச்சியை உடைக்க மனமில்லாமல், "நல்லா இருக்கார், சார்" என்றாள். இரக்கம் என்றுதான் அதை அன்று எண்ணினாள்.

செப்டம்பரில் மறுபடியும் ஒரு கூட்டம். மறுபடியும் அதே கேள்வி. இம்முறை அவள் வாய் திறக்கும் முன்பே, அதிபரின் தோளுக்குப் பின்னால் நின்ற எலியட் முந்திக்கொண்டான்: "நல்லா இருக்கார், மிஸ்டர் பிரசிடென்ட்." எலியட்டும் அந்தச் சவ அடக்கத்துக்கு வந்தவன். அவனுடைய பொய்யைக் காட்டிலும் அதன் வேகம் அவளைத் திடுக்கிட வைத்தது. பழகிய கை பொத்தான் போடுவதுபோல் வந்து விழுந்தது பொய். மேசையைச் சுற்றியிருந்த அமைச்சர்கள் தங்கள் கோப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த ஒரு கேள்விக்கு மட்டுமல்ல, நாள் முழுவதும், எல்லாக் கேள்விகளுக்கும் இப்படித்தான் விடை தயாராக இருக்கிறது என்பது அப்போது அவளுக்கு விளங்கியது.

எலியட் முன்னால் குனிந்தான். "காலையில நல்லாத்தான் இருக்கார், லொரேன். காலையில நீங்க பாத்தீங்கன்னா..." சொல்லிவிட்டதை உணர்ந்து நிறுத்தினான்.

"சாயங்காலமும் அவர்தான் பிரசிடென்ட்."

அவன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். அவனும் தூங்கி நெடுநாளாகியிருந்தது என்பதை அவள் கண்டாள். "நீங்க நின்னா அவரை மேடையேத்தியாகணும். விவாதம், கேள்வி, கேமரா. அத்தனை பேர் முன்னாடி அவரைத் தடுமாற வைக்கப்போறீங்க. ரோலண்டை அடக்கம் பண்ணின அன்னிக்கு உங்க கையைப் பிடிச்சுக்கிட்டு நின்ன மனுஷனுக்கு இதுதான் கைம்மாறா?"

இரவுகளில் அவள் தனக்குத்தானே கேட்டுக்கொண்ட கேள்விதான் அது.

"நான் அதைப் பத்தி எங்கயும் வாய் திறக்கமாட்டேன்" என்றாள். "மேடையிலயும் சரி, பத்திரிகையிலயும் சரி."

"அப்போ என்ன காரணம் சொல்வீங்க?"

"வீட்டைச் சூடாக்கற எண்ணெயோட விலை. எங்க ஊர்ல ஜனங்க குளிர்காலத்துல ஒரு அறையை மட்டும் சூடாக்கிக்கிட்டு அதுலயே படுக்கறாங்க."

"யாரும் நம்பமாட்டாங்க. பதவி ஆசைன்னு சொல்வாங்க."

"சொல்லட்டும். ஒருத்தி எதிர்த்து நிக்கறான்னா, ஏன் நிக்கறான்னு அவர் கேப்பார் இல்லையா? கேட்டா, உங்கள்ல ஒருத்தராவது அவர்கிட்ட உண்மையைச் சொல்லியாகணும்."

எலியட் மேலங்கியை எடுத்துக்கொண்டான். "தோத்துப்போயிட்டுத் திரும்பி வாங்க. கட்சியில உங்களுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்க ஆள் இருக்கமாட்டாங்க." மிரட்டலாகத் தொடங்கிய சொற்கள் அவன் வாயிலேயே வருத்தமாக மாறிவிட்டிருந்தன.

வெளியே, நடைபாதையில் நார்மண்ட் மனுக் காகிதங்கள் அடங்கிய கோப்பு ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தான். ரோலண்டின் பெரியப்பா மகன். லொரேனின் எல்லாத் தேர்தல் பிரசாரங்களையும் நடத்தியவன் ரோலண்ட்தான். அவனுக்குப் பின் அந்த வேலையும், மாநிலம் முழுவதும் ஆதரவாளர்களுக்கு மனப்பாடமாகியிருந்த அவன் கைபேசி எண்ணும் நார்மண்டிடம் வந்திருந்தன. இன்றைக்கும் அழைப்பவர்களில் பாதிப் பேர் பழக்கதோஷத்தில் "ரோலண்டா?" என்று தொடங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்பார்கள்.

"என்ன செனட்டரம்மா, அமைச்சர் பதவி குடுத்தானா?"

"அதெல்லாம் பேச்சு வரல."

"கேட்டிருந்தா குடுத்திருப்பான்." வண்டிகள் கடக்கக் காத்திருந்தபோது அவன் தன் ஆற்றாமையை மறைக்கவில்லை. "நான் கோப்பைத் தூக்கிக்கிட்டு வரேன். எங்க கையெழுத்துப் போடணுமோ அங்க விரலை வெச்சுக் காட்டறேன். ஆனா நாளைக்கு ஊர்ல கேப்பாங்க. உங்க வீட்டுச் சாவுக்கு வந்து நின்ன மனுஷன் முதுகுல குத்தறாளே, ஏன்னு. எனக்காவது சொல்லு, லொரேன். எண்ணெய் விலைக் கதையை என்கிட்ட விடாதே."

"சொல்லக்கூடாதுன்னு இருக்கேன், நார்மண்ட்."

"ரோலண்ட்கிட்ட சொல்லியிருப்பே."

அவள் சாலையைக் கடந்தாள்.

மாநிலச் செயலரின் அலுவலகத்தில் பழைய மர மேசை ஒன்றை அறை நடுவில் இழுத்துப் போட்டிருந்தார்கள். எத்தனையோ பேர் அதிபராக ஆசைப்பட்டுக் குனிந்த மேசை. ஊழியர் படிவத்தை நேராக வைத்துப் பேனாவின் மூடியைக் கழற்றிக் கொடுத்தார். செய்தியாளர்களை வெளித் தாழ்வாரத்தில் நிறுத்தி வைத்திருந்தார்கள். லொரேன் உட்கார்ந்தாள். அந்த நேரம் பார்த்து நார்மண்டின் சட்டைப் பையில் கைபேசி ஒலித்தது.

"இல்லீங்க, நார்மண்ட் பேசறேன்" என்றான் அவன், நாளுக்கு நாலு முறை சொல்லும் அலுப்போடு. பிறகு அவன் முகம் மாறியது. இந்தக் குரல் நாக்கைக் கடித்துக்கொள்ளவில்லை. நார்மண்ட் "சார்... சார்..." என்றபடியே கேட்டுக்கொண்டு நின்றான். கடைசியில் கைபேசியைக் கையால் மூடிக்கொண்டான்.

"பிரசிடென்ட். ரோலண்ட்னு நெனச்சுப் பேசறார். பொண்டாட்டிக்குக் கொஞ்சம் புத்தி சொல்லுடாங்கறார்." அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். "லொரேன், இதுதானா காரணம்?"

அவள் கையை நீட்டினாள். ஊழியர் குறிப்பறிந்து எழுந்து வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

"மிஸ்டர் பிரசிடென்ட், நான் லொரேன்."

"லொரேனா? நல்லதாப் போச்சு. டிவியில என்னென்னமோ சொல்றான். நீ என்னை எதிர்த்து நிக்கறியாம். எலியட்டைத் தேடினா ஆளைக் காணோம்."

"நிஜம்தான், சார்."

மறுமுனையில் அந்தப் பழைய சிரிப்பு. "நானும் ஒரு காலத்துல நம்ம கட்சி கவர்னரை எதிர்த்து நின்னவன்தான். தப்பில்ல. ரோலண்ட் என்ன சொல்றான்? இப்பத்தான் பேசிட்டிருந்தான். எப்படி இருக்கான் அவன்?"

அந்தச் சொற்கள் அவள் நாக்கு நுனிக்குத் தாமாகவே வந்து நின்றன. எவ்வளவு எளிது. நார்மண்ட் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரோலண்ட் இறந்துட்டார், சார். ரெண்டு வருஷமாச்சு. நீங்க வந்திருந்தீங்க. கோயில்ல நீங்கதான் பேசினீங்க."

"நான் பேசினேனா?"

"ஆமா, சார். ஆலையில முதல் நாள் வேலைக்குப் போனப்போ ரெண்டு காலுக்கும் வேற வேற பூட்ஸ் போட்டுக்கிட்டுப் போனாரே, அந்தக் கதையைச் சொன்னீங்க. அழுதுக்கிட்டே சிரிச்சோம்."

"முன்னாடி உன்கிட்ட கேட்டிருக்கேனா? அவன் எப்படி இருக்கான்னு?"

"கேட்டிருக்கீங்க."

"நீ என்ன சொன்னே?"

"நல்லா இருக்கார்னு சொன்னேன்."

"ஏன் ஒருத்தரும் என்கிட்ட சொல்லல?"

"அதுக்காகத்தான் சார் நிக்கறேன்."

எங்கோ அவர் பக்கத்தில் ஒரு கதவு திறந்தது. யாரோ பணிவாக அழைக்கும் குரல். அதைப் பொருட்படுத்தாமல் அவர் கேட்டார்: "கையெழுத்துப் போட்டுட்டியா?"

"இன்னும் இல்ல."

"போடு. பேரைத் தெளிவா எழுது. ஜனங்களால படிக்க முடியாத பேருக்கு ஓட்டு விழாது." ஒவ்வொரு இளம் வேட்பாளரிடமும் அவர் சொல்லும் பழைய வாசகம்தான். சொல்லி முடித்ததும் தொடர்பு அறுந்தது.

லொரேன் கைபேசியை மேசைமேல் வைத்தாள். மாலைக்குள் இந்தப் பேச்சு அவர் நினைவிலிருந்து உதிர்ந்துவிடக்கூடும் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் வாக்குச்சீட்டில் ஏறிய பெயர் உதிராது. அவர் பார்க்குமிடத்திலெல்லாம் அது இருக்கும். ஏன் இருக்கிறது என்று அவர் கேட்பார். ஒவ்வொரு முறையும் யாராவது விடை சொல்லியாக வேண்டும். அவள் பேனாவை எடுத்தாள். நார்மண்ட் அருகில் வந்து, சொன்னபடியே, கையெழுத்திடவேண்டிய இடத்தில் விரலை வைத்தான். அவள் ஒவ்வோர் எழுத்தாக எழுதினாள்.

தாழ்வாரத்தில் விளக்குகளும் ஒலிவாங்கிகளும் அவளைச் சூழ்ந்தன. கூட்டத்தின் கடைசியில், தூணோரம், எலியட் மேலங்கியின் கழுத்துப்பட்டையை உயர்த்திவிட்டுக்கொண்டு நின்றிருந்தான்.

"ஏன், செனட்டர்?" என்று கேட்டார்கள்.

அவள் எண்ணெய் விலையைப் பற்றிப் பேசினாள். வடக்கே ஒற்றை அறையில் முடங்கும் குடும்பங்களைப் பற்றிப் பேசினாள். எழுதுகோல்கள் அசையவில்லை.

முன்வரிசையில் இருந்த ஒருவர் புன்னகைத்தார். "இதெல்லாம் சரி. உண்மையில பதவி ஆசைதானே?"

சிலர் சிரித்தார்கள். அவள் தூணோரம் நின்றவனைப் பார்த்தாள். அவன் தலை குனிந்திருந்தது.

"அப்படியே எழுதிக்குங்க" என்றாள்.

அப்போது அவளுக்குப் பின்னால், நார்மண்டின் பையில் கைபேசி மீண்டும் ஒலித்தது. நார்மண்ட் எண்ணைப் பார்த்தான். கூட்டத்தை விட்டு விலகிச் சுவரோரமாகப் போய், முகத்தை மறுபுறம் திருப்பிக்கொண்டு, காதில் வைத்தான். அவன் குரலில் அலுப்பு இல்லை. இவ்வளவு நாள் பழகியும் அவன் இத்தனை மென்மையாகப் பேசி அவள் கேட்டதில்லை.

"இல்ல, சார்" என்றான். "ரோலண்ட் இறந்துட்டார்."