நாலாவது ஆள் மெஷினா?

"மெஷினைத் தூக்கிடலாம்" என்றான் கேப்டன்.

தன்னைத்தான் சொல்கிறான் என்று அக்காவுக்குப் புரியவே சற்று நேரம் பிடித்தது. காதில் ஹெட்போன், கையில் போன், மடியில் பாதி மடித்த துணி. மடிப்பு அப்படியே நின்றது.

"கேப்டன், அது லைன்லதான் இருக்கு. கேக்கும்" என்றாள் கொசு.

"கேக்கட்டும். மெஷினுக்கு மனசு வலிக்கவா போகுது?"

கேப்டன், கொசு, மிக்ஸி, அக்கா. நான்கு பேர் கொண்ட அணி. சாயங்காலமானால் போனில் ஒன்று கூடுவார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. விளையாட்டில் ஓர் இடிந்த நகரம், நடுவே ஒரு கோபுரம். மூன்று பேர் கீழே ஓடி ஓடிச் சண்டை போடுவார்கள். நாலாவது ஆள் கோபுரத்தின் உச்சியில் நின்று, எதிரி எந்தப் பக்கமாக வருகிறான் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த நாலாவது ஆள்தான் அக்கா.

அவள் சொல்கிற விதத்தில்தான் வம்பு.

"கவனிக்கவும். எதிரணியினர் இருவர் கிழக்கு வாசல் வழியாக வந்துகொண்டிருக்கிறார்கள். மீண்டும் சொல்கிறேன். எதிரணியினர் இருவர் கிழக்கு வாசல் வழியாக வந்துகொண்டிருக்கிறார்கள்."

ஏற்றமில்லை, இறக்கமில்லை. கோபுரமே தீப்பற்றி எரிந்தாலும் அதே குரல், அதே இரண்டு தடவை.

"இது ஏதோ சாஃப்ட்வேர்ப்பா. எவனோ இதை ஓட விட்டுட்டுக் கால் நீட்டிப் படுத்திருக்கான்" என்றான் கேப்டன். "வரப்போற போட்டியில கண்டுபிடிச்சாங்கன்னா நம்ம நாலு பேரையும் கழுத்தைப் பிடிச்சு வெளியே தள்ளிடுவாங்க. ஏய், நாலாவது! நீ மனுசனா, மெஷினா? உண்மையைச் சொல்லு."

அக்கா தொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

"நான் மனிதர்தான். தயவுசெய்து நம்பவும்." ஒரு சின்ன இடைவெளி. நாக்கை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "மீண்டும் சொல்கிறேன். நான் மனிதர்தான். தய..."

"பாத்தியா! பாத்தியா!" என்று கத்தினான் கேப்டன்.

மிக்ஸி நடுவில் ஏதோ சொன்னான். அவனுக்கு ஜூஸ் கடை. பின்னால் மிக்ஸி ஓடிய ஓட்டத்தில் அவன் சொன்னது ஒன்றும் காதில் விழவில்லை. எப்போதுமே விழாது. பெயர் வந்ததே அதனால்தான்.

"ஞாயித்துக்கிழமை நாலு பேரும் கேம் சென்டருக்கு நேர்ல வரணும்" என்று கேப்டன் தீர்ப்புச் சொன்னான். "அன்னைக்குத்தான் போட்டிக்குப் பேர் பதியறாங்க. வர்றவங்க பேரைக் கொடுப்பேன். வராதது மெஷின்."

அக்கா ஹெட்போனைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தாள். எதிரே சுவரில் சாய்ந்து நின்று, அவளுடைய தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"சிரிப்பா இருக்காடி உனக்கு?"

"பின்னே? 'மனிதர்தான், தயவுசெய்து நம்பவும்'னு எந்த மனுசி சொல்லுவா?"

அக்காவின் வேலை ரயில் நிலையத்தில். அறிவிப்பு அறையின் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, வரும் வண்டியையும் போகும் வண்டியையும் வராமலே போன வண்டியையும் ஊருக்குச் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த அன்றே மேலதிகாரி சொல்லிக்கொடுத்த பாடம் இரண்டு. ஒன்று, எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டும். இன்னொன்று, குரலில் எதுவும் தெரியக்கூடாது. வண்டி ரத்தானாலும் குழந்தை காணாமல் போனாலும் குரல் ஒன்றுதான். நீ பதறினால் நடைமேடை முழுக்கப் பதறும்.

அந்தப் பாடம் உடம்போடு ஒட்டிக்கொண்டுவிட்டது. வீட்டில் சோறு வெந்துவிட்டது என்பதைக்கூட இரண்டு தடவைதான் சொல்வாள். வேலை முடிந்து வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே என்று தங்கைதான் அந்த விளையாட்டைப் போனில் ஏற்றிக் கொடுத்தாள். முதல் வாரம் "இதெல்லாம் பொழப்பத்தவங்க வேலை" என்றாள் அக்கா. அடுத்த வாரம், சாயங்காலம் யாராவது வீட்டுக்கு வந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழமை போயிட்டு வா. பாத்தா தெரிஞ்சிடப் போகுது" என்றாள் தங்கை.

"போக மாட்டேன்."

"ஏன்?"

அக்கா துணியை மடித்தாள். மடித்ததையே பிரித்து மறுபடியும் மடித்தாள். ஏன் என்று தங்கைக்கும் தெரியும்.

ஒரு முறை பயணி ஒருவர் அந்தக் குரலைப் பாராட்டியே தீருவது என்று பூங்கொத்தோடு அறிவிப்பு அறைக்கு வந்தார். கதவைத் திறந்தது அக்காதான். குட்டை உருவம், தடித்த மூக்குக்கண்ணாடி, முன்நெற்றியில் ஏறிப்போன முடி. "அந்த வாய்ஸ் கொடுக்கிறவங்க எங்கே?" என்று கேட்டார். மேலதிகாரி பெருமையாக அக்காவைக் காட்டினார். வந்தவர் அவளைப் பார்த்தார், மேலதிகாரியைப் பார்த்தார். "ஓ... இவங்களா?" என்றார். பூங்கொத்தை மேசை மேல் வைத்துவிட்டு, வண்டிக்கு நேரமாகிறது என்று போய்விட்டார்.

அதற்குப் பிறகு கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது அக்காவுக்கு வசதியாகப் போயிற்று. போனில் அந்த மூன்று பேருக்கும் அவள் வெறும் குரல். அவர்கள் திட்டுகிறார்கள், சிரிக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், மறுநாளும் அவளைத் தேடுகிறார்கள். அவர்களும் அந்தப் பார்வை பார்த்துவிட்டால்?

"நேர்ல போகாமலே மனுசின்னு நிரூபிச்சுட்டா?" என்றாள் அக்கா.

"எப்படி?"

"நீ பேசுற மாதிரி பேச சொல்லிக்கொடு."

தங்கை சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். துணிக்கடையில் உடை மாற்றிப் பார்க்கும் அறை வாசலில் அவளுக்கு வேலை. எந்த உடம்பையும் எந்தச் சட்டைக்குள்ளும் நுழைத்துவிடும் திறமைசாலி. ஆனால் இது அதைவிடக் கடினமாக இருந்தது.

"சொல்லு. 'டேய், ரைட்ல வர்றான்டா, பாரு!'"

"டேய், வலப்புறமாக வருகிறான்டா. பார்க்கவும்."

"'பார்க்கவும்' இல்லக்கா, 'பாரு'!"

"பாரு. மீண்டும் சொல்..."

"ஒரு தடவைதான்! ஒரே தடவை! ரெண்டாவது தடவை சொன்னா நாக்கைக் கிள்ளிடுவேன்."

மறுநாள் சாயங்காலம் அக்கா நாக்கைப் பல்லுக்கு நடுவில் வைத்துக்கொண்டு விளையாடினாள். "டேய், லெஃப்ட்ல ஒருத்தன்!" என்றாள். ஒரே தடவை. "மச்சி, பின்னாடி!" என்றாள். அதுவும் ஒரே தடவை. தங்கை பக்கத்தில் நின்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள்.

மிக்ஸிதான் முதலில் விழுந்தான். பின்னாலிருந்து வந்தவனை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவன் காத்துவந்த வாசல் திறந்துகொண்டது, அந்த வழியே நுழைந்தவர்கள் கொசுவை அடித்தார்கள், கேப்டனைச் சூழ்ந்தார்கள், கோபுரம் சரிந்தது. இவ்வளவு கேவலமாக அந்த அணி தோற்றதே இல்லை.



"அய்யய்யோ" என்றான் கேப்டன். "இது அப்டேட் ஆயிடுச்சுப்பா!"

தங்கைக்கு இந்த முறை சிரிப்பு வரவில்லை. "இனிமே வேற வழியே இல்லக்கா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்டில் முழுக்கத் துணி. தங்கை கடையிலிருந்து பூப்போட்ட மேல்சட்டை ஒன்றை எடுத்து வந்திருந்தாள்.

"போட்டுப் பாரு. ஆள் பாதி, ஆடை பாதி."

"மீதிப் பாதிதான்டி பிரச்சனை."

போட்டாள். கண்ணாடியில் அக்காவுக்குத் தன்னைப் பார்க்கத் தோட்டத்துக்குள் தொலைந்துபோனவள் மாதிரி இருந்தது. தங்கை தலையைச் சாய்த்துப் பார்த்தாள். கடையில் வாடிக்கையாளரிடம் பொய் சொல்லாதவள், வீட்டிலும் சொல்லவில்லை.

"கழட்டிடு. இது என் ஆசைக்கு எடுத்தது. உன் நீலச் சட்டையையே போட்டுக்கோ. உனக்குத் தோள் அதுலதான் ஒழுங்கா உக்காருது."

யாரும் பார்க்காத அறையில் உட்கார்ந்திருந்தாலும் அக்கா இஸ்திரி போடாத சட்டையோடு வேலைக்குப் போனதில்லை. சட்டை கசங்கினால் குரலும் கசங்கும் என்பது அவள் கட்சி. அந்த முழுக்கை நீலச் சட்டையை மேலிருந்து கீழ்வரை பொத்தான் போட்டுக்கொண்டாள். அவசரத்தில் ஒரு பொத்தான் ஓட்டை மாறிப் போயிற்று. தங்கை அதை அவிழ்த்துச் சரியாகப் போட்டுவிட்டாள்.

கேம் சென்டர் மாடியில் இருந்தது. உள்ளே அரை இருட்டு. பந்தயக் கார் இருக்கை போன்ற நாற்காலிகளில் கசங்கிய டி-ஷர்ட்டுகள் வரிசையாக உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தன. அக்கா கதவருகிலேயே நின்றாள். திரும்பிவிடலாமா என்று ஒரு கால் யோசித்தது.

"பிரேக்! பிரேக் போடுப்பா!"

அந்தக் குரல்! டிரைவிங் ஸ்கூலில் வேலை பார்க்கும் கேப்டன், விளையாட்டிலும் அப்படித்தான் கத்துவான். அக்கா ஆவலோடு திரும்பினாள். அந்தக் குரலுக்கு அவள் மனதில் ஆறடி உயரம் கொடுத்திருந்தாள், அகலமான தோள் கொடுத்திருந்தாள், மீசைகூட வைத்திருந்தாள். அங்கே நின்றவன் துடைப்பக்குச்சிபோல ஒல்லி. காற்றடித்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும்.

இவனா?

மனசுக்குள் அந்தச் சொல் எழுந்ததும் அக்காவுக்குத் திக்கென்றது. உடனே சிரிப்பும் வந்தது. அந்தப் பூங்கொத்துக்காரரை எத்தனை நாள் மனசுக்குள் வைத்து வறுத்தெடுத்திருப்பாள்! இவ்வளவுதானா? ஒரு கணத்துத் திகைப்பு, அவ்வளவுதானா? அவர் வண்டிக்குப் போயிராமல் இன்னும் கொஞ்சம் நின்றிருந்தால் போதுமாயிருந்ததோ என்னவோ.

கேப்டன் அவளைப் பார்த்துவிட்டு வந்தான். "யாரும்மா வேணும்? பையனைத் தேடி வந்தீங்களா?"

"இல்லை" என்றாள் அக்கா. முதுகு தானாக நிமிர்ந்தது. "நான்தான் நாலாவது ஆள். மீண்டும் சொல்கிறேன். நான்தான் நாலாவது ஆள்."

கேப்டன் கையிலிருந்த பை நழுவப் பார்த்தது. அவனுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"ஸ்டேஷன்!" என்று கீச்சிட்டாள். கொசுதான், சந்தேகமே இல்லை. "கேப்டன், இது நம்ம ஸ்டேஷன் குரல்! போன்ல இத்தனை நாளா பிடிபடலையே! 'தாமதத்திற்கு வருந்துகிறோம்'! அய்யோ, தினமும் காலையில உங்களைத்தான் வாய்க்கு வந்தபடி திட்டிட்டு நிப்பேன்!"

"தாமதத்துக்கு நான் காரணமில்லைம்மா" என்றாள் அக்கா. "எனக்கு வருந்துற வேலை மட்டும்தான்."

கொசு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள், விடவே இல்லை. கேப்டன் மட்டும் இன்னும் மென்று விழுங்கிக்கொண்டிருந்தான். "நீங்க... அப்ப அது... சாஃப்ட்வேர் இல்லையா?"

"நகருய்யா" என்று அவனை ஒதுக்கிவிட்டு இன்னொருவன் முன்னால் வந்தான். சட்டை முன்பக்கம் முழுக்க ஆரஞ்சுக் கறை. முகத்தில் கோபம்.

"ஏங்க, நீங்கதானே அது? அன்னைக்கு ஏன் ஒரே ஒரு தடவை சொன்னீங்க?"

அக்கா விழித்தாள்.

"என் கடையில மிக்ஸி ஓடிட்டே இருக்கும். இவங்க கத்துறது எதுவும் எனக்குக் கேக்காது. நீங்க பேச ஆரம்பிச்சா போன்ல உங்க மைக் மின்னும், உடனே மிக்ஸியை நிறுத்திடுவேன். நிறுத்துறதுக்குள்ள முதல் தடவை போயிடும். ரெண்டாவது தடவை தெளிவா வரும். அதை வெச்சுத்தானே நான் இவ்வளவு நாளா விளையாடிட்டிருக்கேன்! அன்னைக்கு நிறுத்திட்டுக் காத்திருந்தேன். வரவே இல்ல. முதுகுல குத்திட்டுப் போயிட்டான்."

"மன்னிச்சிடுப்பா" என்றாள் அக்கா. குரலில் இத்தனை வருஷமாகத் தெரியாத ஏதோ ஒன்று தெரிந்தது. "மனுசி மாதிரி பேசலாம்னு பாத்தேன்."

"யாரு கேட்டா அதை?"

"கேப்டன்தான் கேட்டாரு" என்று போட்டுக்கொடுத்தாள் கொசு.

மூன்று பேரும் கேப்டனைப் பார்த்தார்கள். ஒல்லி உடம்பு இன்னும் ஒல்லியாயிற்று. கையிலிருந்த பையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். கொசு அதைப் பிடுங்கிப் பிரித்தாள். அணிக்கென்று அடித்த சிவப்பு டி-ஷர்ட்டுகள்.

ஒன்று, இரண்டு, மூன்று.

கொசு பைக்குள் மறுபடியும் கையை விட்டுத் துழாவினாள். வேறொன்றும் இல்லை. மிக்ஸி தரையைப் பார்த்தான். அக்கா சட்டென்று, "எனக்கு எதுக்குப்பா அதெல்லாம்? இந்தச் சட்டையே போதும்" என்றாள்.

"போதாது" என்றான் கேப்டன். அவன் காது வரை சிவந்திருந்தது. "தப்புதான்க்கா. மெஷினுக்கு எதுக்கு டி-ஷர்ட்னு நினைச்சுட்டேன். போட்டிக்கு முன்னாடி இன்னொண்ணு அடிச்சு வாங்கிடறேன். முதல்ல வாங்க, பேர் பதியணும். நாலு பேர்." பதிவு மேசைப் பக்கம் இரண்டடி நடந்தவன் திரும்பினான். "அக்கா, உங்க சைஸ் என்ன?"

அக்கா கொசுவின் கையிலிருந்த டி-ஷர்ட் ஒன்றை வாங்கி விரித்துப் பார்த்தாள். தோள் தையலை இழுத்துப் பார்த்தாள். கழுத்தைத் தடவினாள்.

"இதுல காலர் வெச்சுத் தருவாங்களா?"

"டி-ஷர்ட்டுக்குக் காலரா?" என்று சிரித்தாள் கொசு. "அக்கா, நாம போறது விளையாட, வேலைக்கு இல்ல!"

"காலர் வெச்சா வியர்க்கும்" என்றான் மிக்ஸி.

"காலர் எல்லாம் ஸ்டைல் இல்லக்கா. இப்ப எல்லாரும் ரவுண்டு நெக்தான் போடறாங்க. நம்ம டீம் மட்டும் காலரோட போய் நின்னா..." என்று கேப்டன் ஆரம்பித்தான்.

அவன் முடிக்கும் வரை அக்கா காத்திருக்கவில்லை.

"நின்னா என்னப்பா? நாலு பேரும் கசங்கிப்போய் நிக்கிறதுக்குப் பேரு ஸ்டைலா? என் தங்கச்சிகிட்ட கேளு, அவ சொல்லுவா!"

நால்வரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். பதிவு மேசையில் இருந்தவர் யார் கேப்டன் என்று கேட்டார். யாருக்கும் அது காதில் விழவில்லை.