மஞ்சள் அட்டைக்காரி

2007 மே மாதம். பேக்கிங்கிலிருந்து கம்ப்யூட்டர் அறைக்கு என்னை மாற்றி ஆறு வாரமாகியும், கழுத்தில் தொங்கியது பழைய மஞ்சள் அட்டைதான். ஆபீஸ் கட்டடத்துக்குள் நீல அட்டை இருந்தால்தான் விடுவார்கள். புது அட்டை கேட்க எனக்குக் கூச்சம். இயற்பியலில் எண்பத்தொரு சதவீதம் வாங்கியவள், யாராவது வந்து "நம்ம பொண்ணுதான்" என்று சொல்லும்வரை தினமும் வாசலில் நின்றேன்.

அன்று வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமையிலிருந்து ஷிப்ட் பஸ் நேரம் மாறுகிறது. இரண்டு மணிக்கு வீடு திரும்புகிறவர்கள் கேன்டீன் திரையில் புதுப் பட்டியலைப் பார்க்க வேண்டும்.

"தெரியலன்னா திங்கக்கெழம பேக்கிங்குக்கே போயிடும்மா" என்றார் மேலாளர் சௌந்தரராஜன். "சர்வர்ல செக்யூரிட்டிய ஆஃப் பண்ற வேலையெல்லாம் வேணாம்."

பட்டியலை என் சொந்த ஃபோல்டரில் தயாரித்து, கேன்டீன் திரைக்குப் போகும் வெப் ஃபோல்டருக்கு நகர்த்தினேன். திரையில் 'அனுமதி இல்லை' என்று வந்தது. படிக்கும் உரிமையை எல்லாருக்கும் கொடுத்தேன். பிறகு திருத்தும் உரிமையையும். தளி ஊருக்குப் போகும் பஸ் நேரத்தை மாற்ற இப்போது கம்பெனியில் எவருக்கும் உரிமை உண்டு; பார்க்கத்தான் முடியவில்லை. மானிட்டரைக்கூடத் துடைத்துப் பார்த்தேன்.

ஒன்றரை மணிக்கு முகம் கழுவ வெளியே போய்த் திரும்பினால், காவலர் ஆஞ்சப்பன் கையை நீட்டி மறித்தார்.

"அண்ணா, காலைல நீங்கதான உட்டீங்க? நான் இங்கதான வேல செய்யறேன்?"

"நீ எங்க உக்காந்திருந்தா எனக்கென்னம்மா? கார்டு பேக்கிங்குன்னு சொல்லுது. நான் அதத்தான் பாக்கணும்."

அப்போதுதான் உறைத்தது. உரிமைகள் போக, ஒவ்வொரு கோப்பின்மீதும், கம்ப்யூட்டரையே உள்ளிருந்து ஆளும் கெர்னல் தனியாக ஒரு லேபிள் ஒட்டி வைத்திருக்கும். நகலெடுத்திருந்தால் புது இடத்தின் லேபிள் கிடைத்திருக்கும். நகர்த்தியதால் பட்டியல் என் சொந்த ஃபோல்டரின் 'வீட்டுப் பொருள்' என்ற பழைய லேபிளோடு போய் உட்கார்ந்திருக்கிறது. வெப் சர்வர் அதைத் தொடக் கெர்னல் விடாது. பயிற்சிப் புத்தகத்தில் இந்த வரியை நானே அடிக்கோடிட்டிருந்தேன்.

"உடுங்கண்ணா, அவசரம்!" வாழ்க்கையில் முதல்முறையாகக் கத்தினேன்.

"கத்துனா கார்டு மாறிடுமா?"

மாறாது. பக்கத்திலேயே அட்டை கொடுக்கும் பர்சனல் பிரிவின் ஜன்னல். போய்க் கேட்டேன். தங்கமணி அக்கா டிராயரை இழுத்து ஒரு நீல அட்டையை எடுத்தார். அதில் என் பெயர்: பூங்கொடி, கம்ப்யூட்டர் பிரிவு.

"அஞ்சு வாரமா இங்கதான் கெடக்குது. நீ வந்து கேக்கவேயில்லையே?"

அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உள்ளே ஓடினேன். வாரி வழங்கிய உரிமைகளைத் திரும்பப் பிடுங்கினேன். ஒரே கட்டளையில் கோப்புக்கு வெப் ஃபோல்டரின் லேபிள் வந்தது. இரண்டு மணிக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது பக்கம் திறந்தது.

சௌந்தரராஜன் சார் எட்டிப் பார்த்தார். "என்னம்மா ப்ராப்ளம்?"

"எடம் மாறிடுச்சு சார். லேபிள் மட்டும் பழசாவே இருந்துச்சு."

அவர் என் கழுத்து அட்டையைப் பார்த்தார். "ஃபைலுக்கா?"

"ஃபைலுக்குந்தான் சார்."

"சரி. திங்கக்கெழம இங்கயே வந்துடு" என்றார்.