ஜெபம் பண்ணிட்டுச் சொல்றோம்

...மண்டையைப் போட்டான் என்றால் மட்டும் என்ன, மண்டையைக் கழற்றியா கீழே போடுகிறோம், என்று சுருளியிடம் கேட்டது கொஞ்சம் வெடுக்கென்றுதான் இருந்தது, ஆனால் வேறு எப்படிச் சொல்ல, நாளெல்லாம் துணிக்கடையில் நின்றுவிட்டு ராத்திரி இங்கிலீஷ் வகுப்புக்கு ஓடிவருகிற மனுஷன், கிக் தி பக்கெட் என்றால் செத்துப்போவது என்று நான் போர்டில் எழுதியதும், "வாளிய ஒதைக்கிறதுல சாவு எங்க மிஸ் வருது?" என்று கேட்டால்... பிறகு அவனே சிரித்தான். "அப்ப வெள்ளக்காரனும் நம்மள மாதிரித்தேன் மிஸ், எதையும் நேராச் சொல்ல மாட்டான் போல." வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். காளவாசலில் பஸ் ஏறியபின்தான் அந்தச் சிரிப்பு நின்றது. பழங்காநத்தம் தாண்டியும் உட்கார இடமில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு நாளைக்கான பத்து மரபுத்தொடர்களை யோசித்துப் பார்க்கிறேன், பீஸ் ஆஃப் கேக் என்றால் அல்வா சாப்பிடுகிற மாதிரி, கோல்டு ஃபீட் என்றால் கடைசி நேரத்தில் பின்வாங்குவது... பின்வாங்குவது. பொங்கலுக்கு முன்னால் டி. கல்லுப்பட்டியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்களே, அவர்கள் பின்வாங்கக்கூட இல்லை, முன்னால் வந்தால்தானே பின்வாங்க.

பெண் பிடிக்கவில்லை என்று எங்கள் சபையில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கேசரியைச் சாப்பிட்டு, கையைக் கழுவி, "ஜெபம் பண்ணிட்டுச் சொல்றோம்" என்று எழுந்துவிடுவார்கள், ஆண்டவரே வேண்டாம் என்றுவிட்ட மாதிரி ஆகிவிடும், யார் மேலும் வருத்தமில்லை. பிடித்திருந்தால் மறுநாளே நாள் குறிக்க வந்து நிற்பார்கள், அப்போது மட்டும் ஜெபத்துக்கு நேரமே தேவைப்படாது, அது எப்படியோ. அந்த மாப்பிள்ளையின் அம்மாவும் அதைத்தான் சொன்னாள், எனக்கு வாசற்படியிலேயே விளங்கிவிட்டது. ஆனால் அம்மா? அன்று சாயங்காலமே பாய் விரித்து, "வா ஹெப்சி, அவுக ஜெபம் பண்ணுறப்ப நாம சும்மா இருக்கலாமா?" என்றாள். அன்றிலிருந்து தினமும், இப்போது ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களும் வந்துவிட்டன, இரண்டு பேரும் முட்டி போட்டுக்கொண்டே இருக்கிறோம். அம்மாவுக்கு இந்தச் சங்கதி தெரியாதா, இல்லை, ஆசை வந்தால் தெரிந்ததும் மறந்துபோகுமா? எனக்கு அவரைப் பிடித்திருந்தது, இல்லை என்று சொல்லவில்லை, வலித்தது, ஆறியும் விட்டது. அம்மாவுக்கு ஆறாது. ஊருக்கெல்லாம் அர்த்தம் சொல்கிறவள், பெற்றவளுக்கு இந்த ஒன்றை எப்படிச் சொல்ல... இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும், எத்தனை நாளைக்குத்தான் அவளை ஏமாற்றுவது, சாப்பிட்டு முடித்ததும், இல்லை, சாப்பாட்டுக்கு முன்னாலேயே.

திருநகரில் இறங்கி வீட்டு கேட்டில் கை வைத்தபோது ஜன்னல் வழியே அம்மாவின் குரல் கேட்டது, போனில் பெரியம்மாவோடு பேசிக்கொண்டிருந்தாள். "அவுக அன்னைக்கே வேணாமின்னுட்டாகக்கா. இது எனக்குத் தெரியாதா, நானே எம்புட்டுப் பேர ஜெபம் பண்ணிட்டுச் சொல்றோமின்னு சொல்லி அனுப்பிருக்கேன்... புள்ளைக்குத்தேன் ஒண்ணும் தெரியல, நம்பிக்கிட்டு என்கூடத் தெனமும் முட்டி போடுது. நா நிப்பாட்டுனா ஒடஞ்சு போயிருவாக்கா." கேட்டை வேண்டுமென்றே கிரீச்சென்று தள்ளினேன், ரிசீவரை டக்கென்று வைக்கிற சத்தம் கேட்டது. "வந்துட்டியா? மூஞ்சியக் கழுவிட்டு வா, ஜெபம் பண்ணிருவோம்." பாய் ஏற்கனவே விரித்திருந்தது. பக்கத்தில் முட்டி போட்டேன், கல்லுப்பட்டிக்காரர்கள் மனசோடு பேசும் ஆண்டவரே என்று அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு கேட்டாள், குரல் ஒரு இடத்திலும் பிசகவில்லை, நானும் ஆமென் என்றேன், நானும் பிசகவில்லை. எங்கள் இருவரில் இதை யார் முதலில் நிறுத்துவது?